அறை வெப்பநிலை

பரிசோதனைக் கூடத்து மேல்தட்டில் ஒரு குப்பி.
பெயர் காலியம். குப்பி காலி இல்லை.
யார் வாங்கியது, எதற்கு, யாருக்கும் தெரியாது.
'அறை வெப்பநிலையில் திண்மம்' என்கிறது லேபிள்.
எந்த ஊர் அறையில் உட்கார்ந்து எழுதினார்களோ.
மே மாதத்து அம்பத்தூரில்
ஏ.சி. நின்ற கொஞ்ச நேரத்தில்
அது லேபிளைப் படிப்பதை நிறுத்திவிடும்.

என் வேலை உருகுவதைப் பார்ப்பது.
ஒரு சிட்டிகைத் தூளை நுண்குழாயில் தட்டி இறக்கி
நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏற்றி
முதல் ஈரம் எப்போது, கடைசி மணி எப்போது,
இரண்டையும் பதிவேட்டில் எழுதுவது.
காய்ச்சல் மருந்துக்கு
நூற்று அறுபத்தெட்டிலிருந்து எழுபத்திரண்டுக்குள்.
நல்ல சரக்கு சட்டென்று போகும்.

பதினொரு வருஷத்தில்
ஒரு மூலக்கூறையும் நான் உடைத்ததில்லை.
கார்பனும் கார்பனும் பிடித்த பிடி
உருகிய பிறகும் அப்படியேதான்.
விட்டுப்போவது அண்டை வீட்டுக் கை மட்டும்.

பீரோவில் புடவைகளுக்கு நடுவே அந்துருண்டை:
வீட்டுக்குள் இரும்புப் பிடி,
எதிர்வீட்டோடு லிப்டில் பார்த்துச் சிரிக்கிற பழக்கம்.
எண்பது டிகிரி வரை காத்திருக்கக்கூட மாட்டாது.
சொல்லாமல் கொள்ளாமல் காலிசெய்து போகும்,
வாசனையை மட்டும் மடிப்பில் விட்டு.

உப்பில் ஜோடியே கிடையாது.
ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி ஆறு குளோரைடு,
ஒவ்வொரு குளோரைடையும் சுற்றி ஆறு சோடியம்.
யாருக்கு யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது.
எண்ணூறு தாண்டும்வரை அசையாது.
(தண்ணீரிடம் தோற்பது வேறு கதை.)

எலியட்ஸ் பீச்சில் நம்மை வெறுங்காலில் ஓடவைக்கும் மணல்
ஆயிரத்து எழுநூறு கேட்கிறது.
அதற்கு அண்டை வீடு இல்லை.
துகள் முழுக்க ஒரே பின்னல்.
உருக்க வேண்டுமானால் எலும்பையே முறிக்க வேண்டும்.

எஸ்டேட் ரோட்டுத் தாருக்கோ உருகுநிலையே இல்லை.
பதினொரு மணிக்கு இளகும்.
இரண்டு மணிக்கு என் செருப்பைக் கேட்கும்.

செவ்வாய்க்கிழமை. தொகுதி நாற்பத்தேழு.
நூற்று அறுபத்து மூன்றில் ஓரம் கசிந்தது.
அறுபத்தொன்பது வரை இழுத்தது.
மறுபடி ஏற்றினேன். நஸ்ரீனையும் பார்க்கச் சொன்னேன்.
அதே.
உள்ளே வேறெதுவோ நிற்கிறது.
வரிசையில் பொருந்தாத ஒன்று நின்றால் போதும்,
இந்தப் பக்கத்துக் கை அந்தப் பக்கத்துக்கு எட்டாது.

கனகசபாபதி சார் வந்தார். குரலை உயர்த்தவில்லை.
"லாரி நிக்குது மேடம். தெர்மாமீட்டர் பழசு இல்ல?
நூத்தி அறுபத்தெட்டுன்னு போட்டுடுங்க."
போகிற போக்கில், கதவருகே:
"உங்க வீட்டு லோன் இன்னும் முடியல இல்ல?"

ஆறே சொல்.
உள்ளங்கையில் முதல் ஈரம்.
நேரம் நாலு பத்து.

நஸ்ரீன் நகரவில்லை.
ஒப்பந்தத்தில் இருப்பவள்,
அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும்.
பேனா மூடியைப் பல்லால் கழற்றி
'சரிபார்த்தவர்' கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள்,
நான் இன்னும் எண்ணே எழுதாத வரிக்குக் கீழே.
விதிப்படி அது தப்பு.
மேலே எழுதினேன்: 163 – 169.

அப்போதுதான் கரண்ட் போனது.
ஏ.சி. பெருமூச்சு விட்டு அடங்கியது.
கொஞ்சம் கழித்துப் பார்த்தால்
மேல்தட்டுக் குப்பியில் வெள்ளியாய் ஒரு சாய்வு.
அதைக் கூப்பிட்டு யாரும் விளக்கம் கேட்கவில்லை.

பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு நடந்தோம்.
கேட்டருகே லாரி நின்றபடியே இருந்தது,
டிரைவர் அடியில் துண்டு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.
வளைவில் தார் என் இடது செருப்பைப் பிடித்துவைத்துக்கொண்டது.
நஸ்ரீன் கையை நீட்டினாள்.
ஒற்றைக்காலில் நின்று
பிடித்துக்கொண்டேன்.