முக்கோணத்தைத் தட்டினால்

இரவு பதினொன்றரைக்கு
நிலாவெளியிலிருந்து நஸ்மி நானா:
"தங்கச்சி, விடிய புறாமலைக்குப் போற ஆக்கள்ற லிஸ்ட்டில
எல்லாருக்கும் ஒரே பேர் விழுந்திருக்கு.
கரையில கேட்டா என்ன சொல்ல?
ஒப்ஜெக்ட் குடும்பம் எண்டு சொல்லவா?"

பார்த்தேன். சதுர அடைப்புக்குள்
ஒப்ஜெக்ட் ஒப்ஜெக்ட்,
ஒன்றின் கீழ் ஒன்றாய்.
பெயர் கேட்ட இடத்தில்
பெட்டியையே நீட்டியிருக்கிறேன்.
பெட்டியின் வெளிப்புறத்தில்
பெட்டி என்றுதானே எழுதியிருக்கும்.

கொன்சோலைத் திறந்தேன்.
வலப்பக்கம் பார்த்த சின்ன முக்கோணம்.
தட்டினால் கீழே திரும்பும்.
உள்ளே பெயர்,
அதற்குள்ளும் ஒரு முக்கோணம்,
அதற்குள் முதற்பெயர், தகப்பன் பெயர்.
எடுத்து வெளியே வைத்தேன். பத்து நிமிஷ வேலை.

பிறகுதான் எண்ணிக்கை.

அச்சான வரியில் ஆறு பேர்.
முக்கோணத்தைத் தட்டினால் ஐந்து.
மூடினேன், ஆறு.
திறந்தேன், ஐந்து.
வாசலில் ஒரு மான்
குப்பைப் பையை இழுத்துக்கொண்டிருந்தது.
உவர்மலை முழுக்கக் கேட்கிற சத்தம்.

தேத்தண்ணி ஆறிப்போன பிறகுதான் விளங்கியது.
இது படம் பிடித்து வைப்பதில்லை.
விலாசத்தை மட்டும் குறித்து வைக்கும்.
நான் கதவைத் தட்டும்போது
உள்ளே யார் மிச்சமோ
அவர்களைக் காட்டும்.
அந்த வரிக்கும் என் விரலுக்கும் இடையில்
யாரோ இறங்கிவிட்டார்கள்.

மடத்தடிச் சந்தியில்
பையைக் கொட்டிக் காட்டச் சொன்ன நாட்களில்
நான் ஐந்தாம் வகுப்பு.
திரும்ப அடுக்கிய பிறகு
அது ஒருநாளும் அதே பையாக இருந்ததில்லை.

ஒவ்வொரு படியிலும் பொருளை எழுத்தாக மாற்றி
அந்த நொடியோடு உறையவைத்து அச்சிட்டேன்.
ஆறு. ஆறு. ஆறு.
நாற்பத்தோராம் வரி தாண்டியதும் ஐந்து.

வரி சொல்கிறது:
தகப்பன் பெயர் வெறுமையானால், நீக்கு.

போன மாசம் நான்தான் எழுதினேன்,
குப்பைப் பதிவுகளைத் தடுக்கவென்று,
கெட்டித்தனம் என்று நினைத்து.

அழித்தேன். பக்கத்தைப் புதுப்பித்தேன்.
ஆறாவதாக வந்து உட்கார்ந்தாள்
தனுசிகா, வயது ஒன்பது.
தகப்பன் பெயர்: இரண்டு மேற்கோள் குறிகள்,
நடுவில் ஒன்றுமில்லை.
நீந்தத் தெரியுமா: இல்லை.

லிஸ்ட்டை அனுப்பினேன்.
பன்னிரண்டே முக்காலுக்கு
நஸ்மி நானாவின் குரல்பதிவு, பின்னால் கடல்:
"சரி தங்கச்சி.
சின்ன சைஸ் ஜக்கெட் ஒண்டு
போட்டுல எடுத்து வைக்கிறன்."