ஒன்று, ஐந்து, மூன்று

ஏலத்தில் இருநூறு டாலருக்கு எடுத்த லாரி.
ஐம்பத்தொன்றாம் ஆண்டு ஷெவர்லே.
சஸ்காச்சுவான் பனி பதினெட்டு முறை
அதன்மேல் விழுந்து உருகியிருக்கிறது.
சாம்பல் தட்டில் ஒரு பார்லி ரசீது:
செப்டம்பர் ஒன்பது, ஈரம் பதினாலு சதவீதம்.
அன்றைக்கு யாரோ சாவியைத் திருப்பி அணைத்திருக்கிறார்கள்,
காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று.

மூடியைக் கழற்றினால்
ராக்கர் கம்பிக்கு அடியில் எலிக்கூடு.
கூட்டில் பாதி சூரியகாந்தித் தோல், பாதி
இருக்கைப் பஞ்சு.
கைப்பிடியைச் செருகி மெல்லச் சுற்றினேன்.
பதினோரு வால்வுகள் குனிந்து நிமிர்ந்தன.
மூன்றாம் சிலிண்டரில்
புகை வெளியேற்றுகிற ஒன்று மட்டும்
குனிந்தது குனிந்தபடி.
அதன் தள்ளுகோல்
ஆடுகிற பல்லைப்போல ஆடியது.

பக்கத்துப் பண்ணை ஓரெஸ்ட் சுத்தியலோடு வந்தான்.
அறுவடை எந்திரம் அவன் காதுகளைத் தின்று
இருபது வருடமாகிறது.
பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துக் கேட்பான்.
ஒன்று: விரலைத் தள்ளியது.
ஐந்து: தள்ளியது.
மூன்று.
அவன் என்னைப் பார்த்தான்.
"இங்கே யாரும் இல்லை மெலானியா."

அடித்தால் வந்துவிடும் என்றான்.
அடித்தால் வளைந்துவிடும் என்று
புழுதி படிந்த கண்ணாடியில் எழுதிக் காட்டினேன்.
கியர் எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து
தண்டின் கழுத்தில் சொட்டுச் சொட்டாக
ஒன்பது நாள்.
வேறெதற்கும் நான் ஒன்பது நாள் பொறுத்ததில்லை,
திருமணம் உட்பட.

பத்தாம் நாள் கயிறு கேட்டேன்.
கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தான்,
ஈரச் சட்டைகள் தோளில் தொங்க.
பிளக் துளை வழியே
ஒரு முழம், இரண்டு, மூன்று, இன்னும் கொஞ்சம்.
வால் வெளியே இருக்கட்டும்.
இனி பிஸ்டனை ஏற்று.
இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில்
சோப்பு மணக்கும் பருத்தி
நெரிந்து, இறுகி, தள்ளி

டக்.

எனக்குத்தான் கேட்டது.
அவனுக்குக் கைப்பிடியில் தெரிந்தது.
இறக்கினோம், ஏற்றினோம், எண்ணெய் விட்டோம்.
ஆறப்போட்ட தேநீர் நிறத்தில் துரு வழிந்தது.
முப்பதாவது முறையோ என்னவோ,
ஸ்பிரிங் தானே அதைத் தூக்கிக்கொண்டது.
கயிற்றை உருவினேன்.
ஓரெஸ்ட் மறுபடி விரலை வைத்தான்.
மூன்று அவன் விரலை எறிந்தது.
சுட்டுக்கொண்டவன்போல உதறிவிட்டு
இன்னொரு தடவை வைத்தான்.
தேவையே இல்லை. வைத்தான்.

நாலாவது உதையில் பற்றியது.
நீலப் புகை.
புகைக்குழாயிலிருந்து ஒரு எலிக்கூடு
(இரண்டாவது குடும்பம் போலிருக்கிறது)
பறந்துபோய் அவன் தோளில் விழுந்தது.
ஒன்று ஐந்து மூன்று ஆறு இரண்டு நாலு.
எங்கோ ஒரு டாப்பெட் இன்னும் தட்டுகிறது.
தட்டட்டும், நாளைக்கு.

"அணை, பெட்ரோல் வீண்" என்று கையசைக்கிறான்.
சாவியில் விரல்.
எந்த நொடியில் நிறுத்தினாலும்
ஆறில் ஒன்று
வாய் திறந்தபடிதான் நிற்கும்.

கயிற்றைத் திருப்பித் தரவேண்டும்,
அவன் வீடு இரண்டு மைல் என்று
கியரைப் போட்டேன்.
வாரம் முழுக்க அவன் சட்டைகளின் தோளில்
ஒரு கரிக்கோடு.
துவைத்துப் பார்த்தும் போகவில்லை.