குறிப்பு என்னும் கட்டம்

பூமி ஆடியது பதினொரு நொடி என்றார்கள்.
எனக்கு அது பதினொரு நாளாக நடக்கிறது,
கீழக்கரையில், கை இரண்டையும் விரித்தால்
இரண்டு வீட்டுச் சுவரும் தட்டும் சந்துகளுக்குள்.

அன்று எல்லோரும் கடலைத்தான் பார்த்து நின்றார்கள்.
அது உள்வாங்குமோ என்று.
கடல் அசையவில்லை.
முதுகுக்குப் பின்னால் வீடுகள் இறங்கின.

முதல் இரண்டு நாள் தோண்டினோம்.
அதை இங்கே எழுதப் போவதில்லை.

மூன்றாம் நாள், வருவாய்த்துறையில் ஆள் பற்றவில்லை,
நீங்களும் அளங்கள் என்றார் இன்ஸ்பெக்டர்.
கட்டுப் படிவம், சிவப்புப் பெயின்ட், மஞ்சள் பெயின்ட்,
ஸ்கேல் மட்டும் யாரும் தரவில்லை.
மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்து வந்தேன்.
விரிசல் ஐந்து மில்லிமீட்டர் வரை மஞ்சள்.
தாண்டினால் சிவப்பு.
சிவப்பு போட்ட வாசலில் யாரும் நுழையக் கூடாது,
நுழைந்தால் வழக்கு.

பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பிய சுவர்கள்.
பிளந்த இடத்தில் சோழி தெரிகிறது,
சங்குக் குஞ்சு ஒன்று தெரிகிறது,
நூறு வருடத்துக்குப் பின் வெயில் படுகிறது அதன் மேல்.
ஸ்கேலை அதற்குள் விடும்போது
ஏனோ தொப்பியைக் கழற்றிவிட்டேன்.

பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது.
இரவு இரண்டு மணிக்கு ஸ்டேஷன் போன்,
துபாயிலிருந்து, கோலாலம்பூரிலிருந்து:
"எங்க வீடு நிக்குதாம்மா?"
நிற்கிறது.
"நேரா நிக்குதா?"
போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.
பகலிலேயே பார்த்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் இரவு
சிவப்பு போட்ட ஒரு வீட்டின் பின்கட்டில்
செல்போன் வெளிச்சம்.
விசில் ஊதினேன். லத்தியை ஓட்டு மேல் தட்டினேன்.
எங்கிருந்தோ ஒரு கைப்பிடி காரை உதிர்ந்தது.
வெளியே வந்தவள் சம்சாத்,
நண்டுக் கம்பெனியில் சதை எடுப்பவள்,
விரலெல்லாம் ஓடு கிழித்த கோடு.
மார்போடு அணைத்த பிளாஸ்டிக் கவர்.
பிரி என்றேன்.

நகை இல்லை. பணம் இல்லை.
நாற்பது பக்க நோட்டு ஒன்று.
மாதம் ஆயிரத்து எண்ணூறு, ஆறு வருடம்,
ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில்
சாவி வைத்திருக்கும் சீனி இபுராகீமின் கையெழுத்து.
"வீட்டுக்காரர் கொழும்புலேர்ந்து சொல்லிட்டாராம் மேடம்,
பின்கட்டுல யாருமே குடியில்லைன்னு.
நிவாரண லிஸ்ட்டுல நான் இல்லை.
இதுலதான் இருக்கேன்."

சட்டப்படி அவள் மேல் வழக்கு போட வேண்டும்.
வானொலியில் என் நம்பரைக் கூப்பிட்டார்கள்.
எல்லாம் அமைதி என்றேன்.

விடியுமுன் பதிவேட்டில் எழுதினேன்:
பொருள், நோட்டுப் புத்தகம் ஒன்று.
கிடைத்த இடம், பின்கட்டுச் சமையல் மாடம்.
கண்டெடுத்தவர் என்ற இடத்தில் என் நம்பர்.
படிவத்தில் உரிமையாளருக்கு மூன்று வரி விட்டிருக்கிறார்கள்,
குடியிருப்பவருக்கு ஒன்றும் இல்லை.
மூலையில் குறிப்பு என்று
தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம்.
அதற்குள் அவளையும் இரண்டு பிள்ளைகளையும்
எழுத்தைச் சிறிதாக்கி உட்கார வைத்தேன்.
அந்த நோட்டைக் கண்டெடுத்தது நான் இல்லை.
பதினான்கு வருட சர்வீஸில் நான் எழுதிய
முதல் பொய் என்று சொல்ல மாட்டேன்.

காலையில் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினேன்.
மகள் கேட்டாள், ஸ்கேல் எங்கே, திங்கள்கிழமை பரீட்சை.
கொடுப்பதற்கு முன்
அடுப்புக்கு மேலே ஓடுகிறதே, அந்தக் கோட்டில் ஒருமுறை வைத்தேன்.
ஆறு.
இடம் மாற்றி வைத்தேன்.
ஆறுக்குக் கொஞ்சம் மேலே.

சுண்ணாம்பைக் கழுவி அவளிடம் கொடுத்தேன்.
பையில் ஒரு படிவம் மிச்சம் இருந்தது.
உரிமையாளர் பெயர்: தமிழ்நாடு அரசு.
அதுவரை எழுதிவிட்டேன்.
பால் பொங்குகிறது என்று அவள் கத்துகிறாள்.