நானூற்றுப் பன்னிரண்டு

நெஞ்சில் ஒட்டிய கருவி
தீப்பெட்டி அளவுதான்.
நேற்று விடிந்ததிலிருந்து இன்று விடியும்வரை
நானூற்றுப் பன்னிரண்டு முறை இருமினேனாம்.
சொன்னது ஹஸ்லினா,
தெலுக் இந்தானிலிருந்து ஊத்தான் மெலிந்தாங்வரை
இதை எண்ணவே காரோட்டி வருகிறவள்.
அக்காவை அவள் "காக்" என்பாள். நான் காக் வேதா.

மூன்று வருடத்து இருமல்.
எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. சளியில் கிருமி இல்லை.
கோயில் கூட்டத்தில்
என்னைச் சுற்றி மட்டும் எப்போதும் கொஞ்சம் இடம் இருக்கும்.
வீட்டுக்காரர் ஹாலில் பாய் விரித்து
வருடம் ஒன்று ஆகிறது.
கோபமில்லை, காலை ஐந்துக்கு அவருக்கு லாரி.

இருமலை அளக்க
முதலில் இருமவைக்க வேண்டுமாம்.
மிளகாயின் காரத்தை மட்டும் பிரித்தெடுத்து
பனிபோல ஆக்கிக் குழாயில் தந்தார்கள்.
தாளிக்கும்போது சும்மா வருவது,
இங்கே கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தது.

அப்புறம் கருவி, அப்புறம் மாத்திரை டப்பா.
பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவு.
எனக்கு எதுவென்று
ஹஸ்லினாவுக்கே தெரியாது.
"கொக்கோ விதையில் இருக்கிற ஒன்று, காக்.
இருமச் சொல்லும் நரம்பை அடக்குமோ என்று பார்க்கிறார்கள்.
இன்னும் உறுதியில்லை."

கொக்கோவா!

எட்டாம் நம்பர் காட்டில்
தென்னைக்கு அடியில் நின்றதே, அதுவா?
பதினாறு வயதில் காய் உடைத்தேன்.
வெள்ளைச் சதையைச் சப்பிவிட்டுக்
கொட்டையைத் துப்புவோம்.
துப்பியதும் மூட்டையில் போகும், எடையில் சேரும்.
விலை விழுந்த வருடம் இயந்திரம் வந்தது.
நான்கே நாள், வெறுந்தரை.
செம்பனைக் கன்று வந்தது,
கன்றோடு புல் வந்தது,
புல்லுக்கு மருந்து வந்தது,
மருந்துக்கு நான் வந்தேன்
முதுகில் பதினாறு லிட்டரோடு.

இரண்டுக்கும் நம் பேச்சில்
மருந்து என்றுதான் பெயர்.

சுருட்டு உண்டா, ஆஸ்துமா உண்டா,
வீட்டில் பூனை உண்டா என்றெல்லாம்
தாளில் கட்டம் இருந்தது.
என்ன அடிக்கிறாய் என்பதற்குக் கட்டம் இல்லை.
ஸ்டோர் கிராணி பார்க்காத நேரம்
காலி டின்னில் உரித்த லேபிளை
அடையாள அட்டைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தேன்.
கொடுத்தேன்.
ஹஸ்லினா சத்தம் போடாமல் வாசித்தாள்.
தாளின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே,
எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டாள்.
இதற்கு யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

கிளம்பும் முன் காதில் மாட்டிக்கொண்டு
கருவியின் முதல் நிமிடத்தை ஓட்டினாள்.
நெற்றி சுருங்கியது. மறுபடி ஓட்டினாள்.
ஒரு பக்கத்தை என் காதில் செருகினாள்.
"இது இருமலா, காக்?"

கொக்கோ என்றதும்
என்னிடமிருந்து வந்த சத்தம்.

"சிரிப்பு," என்றேன்.
சொல்லும்போதே இருமினேன்.
கருவி கழற்றியாயிற்று, அது கணக்கில் வராது.
அவள் பேனாவை எடுத்து
பன்னிரண்டை அடித்துப்
பதினொன்று என்று போட்டாள்.