இடவலம்

ஆறடிக்கு நாலடி, மங்கல் தாள்,
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார் தியோ கெங் சூன்.
கிம்பர்லி சாலையில் பழைய முடிவெட்டும் கடை ஒன்றைக்
கோப்பிக்கடையாக மாற்றிக்கொண்டிருக்கிறார்.
சுவருக்குப் பழசாக ஏதாவது.
ஏலத்தில் எடுத்த அஞ்சலட்டையை
உறையோடு என் மேசையில் வைத்தார்.
நூற்றெண்பது வெள்ளி, என்றார், நான் கேட்காமலே.

நிபோங் திபால், கடைத்தெரு.
ஒரு மாட்டுவண்டி, ஒரு நாய், அஞ்சடியில் பதினொரு பேர்.
பின்புறம் சாய்ந்த மையெழுத்து, அபர்டீனுக்கு:
இங்கே பார்க்க ஒன்றுமில்லை.
சோப்பு இந்தத் தெருவில்தான் வாங்குகிறேன்.
அம்மாவின் மூட்டுவலி எப்படி?

நான் அந்த ஊர்க்காரி, பதினேழு வயதுவரை.
தியோவிடம் சொல்லவில்லை.
சொன்னால் விலை குறைக்கச் சொல்வார்.

ஸ்கேனரின் வெளிச்சம் நகர்ந்து முடிந்தது.
வானத்துக்கு ரோஜா நிறம் பூசியவர்
எங்கேயோ குளிர்தேசத்துப் பட்டறையில் இருந்திருக்கிறார்.
கிரியான் ஆற்றுக்கு நீலம் கொடுத்திருக்கிறார்.
தேத்தண்ணி நிறத்திலும் ஓர் ஆறு ஓடும் என்று
அவருக்கு யார் எழுதியிருப்பார்கள்?

ஆறு அந்தப் பக்கம் இல்லையே என்றுதான் முதலில் பட்டது.
சரி, நூறு வருடத்தில் ஆறு எங்கும் போகும்.
பிறகு அந்தப் பெண்: முந்தானை வலத்தோளில்.
அப்போது அப்படியும் உடுத்தியிருக்கலாம்.
பிறகு சாட்டை பிடித்த வண்டிக்காரர்,
குடையை ஊன்றி நிற்கும் கிராணி,
பேரேட்டில் எழுதும் கடைக்காரர்,
எல்லாருக்கும் இடக்கைப் பழக்கம்.
ஓர் ஊருக்கே எப்படி?

தூசி என்று நினைத்ததை அருகில் இழுத்தேன்.
எழுத்து.
கால் முன்னால் நிற்கிறது, கொம்பு பின்னால்.
'ட' முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது.
'ப' மட்டும், பாவம், எப்படிப் புரட்டினாலும் 'ப'.

ஒரு தட்டு. படம் திரும்பியது.
மணியார்டர் இவ்விடம் எழுதிக்கொடுக்கப்படும்.

கண்ணாடித் தகட்டைப் புரட்டிவைத்து அச்சடித்துவிட்டார்கள்.
ஆயிரம் அட்டையோ ஐயாயிரமோ.
விற்றவர், வாங்கியவர், தபால்காரர்,
மூட்டுவலிக்கார அம்மா,
ஆல்பத்தில் ஒட்டியவர், ஏலம் விட்டவர்,
இத்தனை கை மாறியும்
பலகையைப் படிக்க ஒரு கண் வாய்க்கவில்லை.

பலகைக்குக் கீழே, படியில், அவள்.
வலக்கையை இறுக மூடியிருக்கிறாள்.
இப்போதுதான் அது வலக்கை.
சேலையின் நீலத்தை அந்தக் கைமேலும் ஓட்டிவிட்டார்
நிறம் பூசியவர்;
சின்ன அட்டையில் அவளுக்குக் கையே கிடையாது.
பெரிதாக்கினால் விரல்கணுக்கள் தெரிகின்றன.
உள்ளே மூன்று வெள்ளியா?
நாமக்கல்லுக்கா, நாகப்பட்டினத்துக்கா?
படமெடுப்பவரை அவள் பார்க்கவில்லை.
யாருடைய கணக்கோ உள்ளே எழுதப்படுகிறது.
அந்தப் பக்கம் காதைக் கொடுத்திருக்கிறாள்,
தன் முறை வந்துவிட்டதா என்று.

தியோவைக் கூப்பிட்டேன்.
இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.
"மாட்டுவண்டி இடப்பக்கமே இருக்கட்டும்.
வலப்பக்கம் சுவிட்ச் பெட்டி மறைக்கும்."
எழுத்து புரண்டிருக்கிறது என்றேன்.
"அதை யார் படிக்கப்போகிறார்கள்?"
நான் படித்தேனே என்று வாயெடுத்தேன்.
முன்பணம் மேசைமேல் இருந்தது.

அட்டையில் உள்ளபடியே அடித்துக்கொடுத்தேன்.

கடை திறந்து மூன்றாம் வாரம் போனேன்.
படம் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வருத்தம்.
முடிவெட்டும் கடையின் நிலைக்கண்ணாடிகளை
அவர் கழற்றவில்லை. எதிர்ச்சுவரில் மூன்று,
ஓரங்களில் ரசம் போய்.
படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

என் தோளுக்கு மேலே
ஆறு தன் பக்கத்தில்.
பலகை படிக்கும்படி.
அவள் வலக்கை மூடியபடி, இன்னும் முறை வராமல்.
கோப்பி வந்தது, பால் கூடுதலாக.

அந்தத் தெருவில் எல்லாரும் சரியாகத்தான் இருக்கிறார்கள்.
நான்தான் இடக்கையால் குடிக்கிறேன்.