வரிமுடிவு

ஓவ்லு நகரில் மூன்று மணிக்கே இருட்டு.
மீட்டருக்கு இல்ப்போ மூன்றுமுறை அனுப்பிவிட்டான்:
மின்னழுத்தம் சொல்.
பேச்சில்லை.
கேபிளைச் சந்தேகித்தான், முகவரியை,
பிறகு மீட்டரைச் செய்தவர்களை.

ஹில்க்கா காபிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தாள்.
"இது கட்டளை.
கட்டளைக்குக் கீழ்ப்படியும், பதில் பேசாது.
கேள்விக்குறி எங்கே?"

போட்டான். அப்போதும் மௌனம்.

"வரியை முடித்தாயா?
நீ இன்னும் பேசுகிறாய் என்று
காத்துக் கிடக்கிறது, பாவம்."

கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து.
4.9983 வோல்ட்.

கைபேசியை எடுத்தான்.
தாம்பெரேயில் இருக்கும் மகளுக்குக் காலையில் அனுப்பியது:
நேரத்துக்குச் சாப்பிடு.
அதன் கீழே இப்போது தட்டினான்:
சாப்பிட்டாயா?

மீட்டருக்குக் காலவரம்பு ஐந்து விநாடி.
இதற்கு எவ்வளவு என்று
எந்தக் கையேட்டிலும் இல்லை.