காரணம் எழுதும் கட்டம்

முதலில் அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்தேன்.
இரண்டு நாள்தான். அந்தச் சொல்லுக்குள் ஒரு பிரம்பு இருந்தது.
மூன்றாம் நாள் மேஸ்திரி ஆக்கினேன்.
கூலி கேட்காது, வெற்றிலை போடாது,
நான் சொன்னதை ஐந்தாகக் கிழித்து
ஐந்து ஏஜென்ட்களிடம் நீட்டும்.

வேலை பெரிதில்லை.
ஓல்ட்டன் நகரில், ஆரே ஆற்றை ஒட்டிய எங்கள் குடியிருப்பில்
அறுபத்து நான்கு வீடு, ஒரே ஒரு சலவையறை.
நிலவறைக் கதவில் தொங்கும் காகித அட்டவணையைச்
செயலியாக்க வேண்டும்.
போன வருடமென்றால் நானும் டாமியானும் செய்திருப்போம்:
மூன்று வாரம், முப்பது காப்பி, ஒரு சண்டை.

இரவு பதினொன்றுக்குச் சொல்லிவிட்டு
பாத்திரம் கழுவி, மகனின் பனிச்சப்பாத்தை
ஹீட்டர்மேல் கவிழ்த்துப் படுத்தேன்.
நான் தூங்கத் தூங்க
ஒன்று நாட்காட்டி கட்டியது,
ஒன்று பூட்டுக்கு எண் கொடுத்தது,
ஒன்று மற்றவற்றின் வேலையில் கல் பொறுக்கியது.

நாலே முக்காலுக்கு விழிப்பு.
திரையில் மேஸ்திரி காத்திருந்தது.

"இரண்டு பேருக்குள் ஒத்துவரவில்லை.
விதி ஏழு: காலை ஆறுக்கு முன் இயந்திரம் ஓடக் கூடாது.
மின்மானிப் பதிவு: ஒன்பது வருடமாக,
புதன்தோறும், ஐந்து பத்துக்கு, ஓடுகிறது.
மூன்றாம் ஏஜென்ட் இதை மானியின் கோளாறு என்று நீக்கியது.
ஐந்தாம் ஏஜென்ட் திரும்ப வைத்தது.
பதினான்கு முறை நீக்கி, பதினான்கு முறை வைத்தபின்
இருவரையும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.
எது சரி?"

பாவம், அது எல்லாவற்றையும் படித்திருக்கிறது.
வாடகை ஒப்பந்தம், பதினாறு பக்க வீட்டு விதி,
ஞாயிறன்று கண்ணாடிப் போத்தல் போடக் கூடாது என்பதுவரை.
மூன்றாம் மாடி மிர்யெத்தாவை மட்டும்
யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

அவளுக்குப் பார்சல் பிரிக்கும் கூடத்தில் இரவு வேலை.
நாலரைக்கு முடித்து வந்து
கண் சொருகுமுன் மூன்று பிள்ளைகளின் வாரத்துத் துணி.

இயந்திரத்துக்கு நேர் மேலே
ரம்சையர் அம்மாவின் படுக்கையறை.
நான் கடுகு தாளித்தால் சன்னலைச் சாத்துகிறவர்,
சைக்கிளைக் கோணலாக வைத்தால் சீட்டு எழுதி ஒட்டுகிறவர்.
ஒன்பது வருடம். ஒரு புகார் இல்லை.
லிஃப்டில் ஒருமுறை மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.
"புதன்கிழமைகளில் எனக்குக் காது மந்தம்" என்றார்,
என்னைப் பார்க்காமல், மாடி எண்களைப் பார்த்து.

கோளாறு இல்லை, அப்படியே இருக்கட்டும்
என்று தட்டினேன்.

"காரணம்?"
ஒரு வெள்ளைக் கட்டம்.

எழுதினால் அது விதி எட்டாகும்.
விதியென்றால் சங்கத்தில் வாக்கெடுப்பு.
வாக்கெடுப்பென்றால் கை தூக்குமுன்
ரம்சையர் அம்மாவுக்குக் காது கேட்டாக வேண்டும்.

வெறுமையாக அனுப்பினேன். ஏற்கவில்லை.
ஒரு புள்ளி வைத்தேன்.

"கிடைத்தது. ஐவருக்கும் சொல்லிவிட்டேன்" என்றது மேஸ்திரி.

ஐந்து பத்து.
தரைக்கடியில் குழாய் ஒருமுறை இருமியது.
தண்ணீர் ஏறத் தொடங்கியது.